போகாத ஊருக்கு வழி

முதல்லயே சொல்லிடறேன். நான் பார்சிலோனா போனதில்லை. ஸ்பெயின் பக்கமே போனதில்லை. மேற்கால நான் பார்த்த கடைசி ஊர் மும்பை. ஆனாலும் இந்தப் பதிவு பார்சிலோனாவுக்கு நாலு நாள் போறது எப்படிங்கறதைப் பத்திதான். போகாத ஊருக்கு வழி சொல்றான்னு சிரிக்கறவங்க சிரிச்சு முடிங்க, அதுவரைக்கும் நான் காத்திருக்கேன். :-)

விஷயம் இதுதான். அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் கல்யாணம் ஆகி நாப்பது வருஷம் முடியப் போகுது. வெளிநாட்டுல ஆணி புடுங்கிட்டு இருக்கற அவங்க பையன், அப்பா அம்மாவை ஐரோப்பா கூட்டிட்டுப் போறேன்னு கிளம்பியிருக்கான். நல்ல பிள்ளை, அதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அவன் அனுப்பின எக்செல் ஷீட்டைப் பார்த்ததும் எனக்குத் தலை சுத்திடுச்சு. பத்து நாள். அஞ்சு ஊர். அதுல பார்சிலோனாவுக்கு ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளுக்குள்ள பதினேழு வரி. 8.30-க்கு ஒண்ணு, 9.45-க்கு ஒண்ணு, 11.10-க்கு ஒண்ணு. 11.10-ஆம்! எங்க அத்திம்பேருக்கு லஸ் கார்னர்ல ரோடைத் தாண்டவே பத்து நிமிஷம் ஆகும். ஒரு முட்டிக்கு ஆபரேஷன் ஆயாச்சு, இன்னொரு முட்டி க்யூவுல நிக்குது.

அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ஏண்டா, அங்க சமுத்திரம் இருக்காமே, அதை எப்போ பாக்கப் போறோம்?" ஷீட்டுல தேடினேன். இருந்தது. பதினாறாவது வரி. 'கடற்கரை, 20 நிமிடம், நேரமிருந்தால்.'

என் கட்சி ரொம்ப சிம்பிள். மத்த நாலு ஊரையும் அடிச்சிடணும். இல்லைன்னா மூணையாவது அடிக்கணும். பார்சிலோனாவுல நாலு ராத்திரி தங்கணும். ஒரு நாளைக்கு ஒரு இடம், அதுவும் சரியான வேளையில. மிச்ச நேரத்துக்குக் கடல். அவ்வளவுதான் திட்டம். இதுக்கு எக்செல் வேண்டாம், பால் பாக்கெட் கவர் பின்னாடி எழுதி வெச்சுக்கலாம்.

போகாத ஊரைப் பத்தி இவ்வளவு தெம்பா எப்படிப் பேசறேன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. நானும் வெளிநாட்டுக்காரங்க ரெண்டு நாள்ல பார்த்துட்டுப் போற ஒரு கடலோர ஊர்லதான் குடியிருக்கேன். அவங்க என்ன பண்றாங்கன்னு இருபது வருஷமா வேடிக்கை பார்த்துட்டு இருக்கேன்.

மயிலாப்பூர் மாட வீதியில பகல் பன்னண்டரை மணி சுமாருக்கு ஒரு வேன் வந்து நிக்கும். பத்துப் பதினஞ்சு பேர் இறங்குவாங்க. தொப்பி, தண்ணி பாட்டில், முகமெல்லாம் சன்ஸ்கிரீன். கபாலி கோயில் நடை அப்போதான் சாத்தியிருக்கும். இனிமே சாயங்காலம் நாலு மணிக்குத்தான். கைடு பாவம், ராஜகோபுரத்தைக் காட்டி ஏதோ சொல்லிட்டு இருப்பார். இவங்க அண்ணாந்து நாலு போட்டோ எடுப்பாங்க. அந்தக் கோபுரமே 1906-ல கட்டினதுதான், அதுக்கு ஆயிரம் வருஷம்னு நம்மள்லயே பாதிப் பேர் அடிச்சு விடுவோம், அது வேற கதை. குளத்துப் பக்கம் ஒரு எட்டு, ஏசி வேன், நேரா தி.நகர் பட்டுக்கடை. சென்னை பார்த்தாச்சு!

அதே ஆள் வேனை விட்டு இறங்கி, பூக்கடையில உக்காந்திருக்கற அம்மாவையோ, பென்ஷன் வாங்கிட்டு நாகேஸ்வர ராவ் பார்க்குல நடக்கற பெரியவரையோ கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? "காலம்பற ஆறு மணிக்கு வா. வெயில் ஏறறதுக்குள்ள குளத்தைச் சுத்து. ராயர் மெஸ்ல கெட்டிச் சட்னி தீர்றதுக்குள்ள போயிடு. மத்தியானம் எங்கயும் போகாதே, தூங்கு. அஞ்சு மணிக்கு மேல வந்தா பிரதோஷமோ, கச்சேரியோ, ஒண்ணுமில்லைன்னா வடக்கு மாட வீதி வழியா காய்கறிக்காரங்களைப் பாத்துண்டே நட." இடம் சொல்றதை விட வேளை சொல்றதுதான் ஜாஸ்தியா இருக்கும். பங்குனியில வந்தவன்கிட்ட "அறுபத்துமூவர் வரைக்கும் இருந்துட்டுப் போயேன்"னு சொல்லாத மயிலாப்பூர்க்காரன் உண்டா? ஐப்பசி ஓணத்துல ஆரம்பிச்சு, இந்த ஊர்த் திருவிழாவையெல்லாம் மாச வாரியா வரிசைப்படுத்திப் பாடி வெச்சுட்டுப் போனவர் சம்பந்தர். ஏழாம் நூற்றாண்டுலயே மயிலைக்கு டூர் பிளான் ரெடி. அதுல 11.10 கிடையாது.

ஊருக்குள்ள இருக்கறவனுக்குத் தெரியற இந்த விஷயம் வெளியூர் போகும்போது மட்டும் எப்படி மறந்து போகுதுன்னுதான் எனக்குப் புரியல. நம்ம ஊருக்கு வர்றவன் பன்னண்டரை மணிக்கு வந்தா தலையில அடிச்சுக்கறோம். நாம அவன் ஊருக்குப் போறப்ப அதையேதான் பண்றோம்.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. மயிலாப்பூருக்கும் ஸ்பெயினுக்கும் என்னடா சம்பந்தம்னு யோசிக்கறவங்களுக்கு. சாந்தோம் போர்ச்சுகீசியர் ஊர்னு எல்லாருக்கும் தெரியும். லஸ் சர்ச், அதான் நம்ம காட்டுக்கோயில், அதோட கல்லுல 1516-ன்னு வருஷம் போட்டிருக்கு. 'லஸ்'னா போர்ச்சுகீஸ்ல வெளிச்சம். ஸ்பானிஷ்லயும் அதே எழுத்து, அதே அர்த்தம். வீட்டுல கரண்ட் போச்சுன்னா 'வெளிச்சம் போச்சு'ன்னுதான் ஸ்பெயின்காரன் இன்னிக்கும் சொல்வான். சரி, போர்ச்சுகல் ராஜாவுக்கு வாரிசில்லாமப் போய், 1580-ல ஸ்பெயினோட ரெண்டாம் பிலிப் அந்தக் கிரீடத்தையும் எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டார். 1640 வரைக்கும் ரெண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா. சாந்தோமை ஒரு பிஷப்போட நகரமா போப் அறிவிச்சது 1606-ல, அதாவது மூணாம் பிலிப் காலத்துல. மதராஸ் பிறந்ததோ 1639-ல. ஆக மதராஸ் பிறக்கறதுக்கு முந்தின கிட்டத்தட்ட அறுபது வருஷம், நம்ம கச்சேரி ரோட்டோட கிழக்கு முனை ஸ்பெயின் ராஜாவுக்குச் சொந்தமான ஒரு கடலோர ஊர்! ஸ்பானிஷ் கடற்கரை நகரத்துக்குக் குறுகிய பயணம் போகணும்னா 12பி பஸ்ல போயிருக்கலாம், விசாவே வேண்டாம். (போர்ச்சுகீசியர் காலத்துலதான் கடலோரத்துல இருந்த பழைய கபாலி கோயில் போச்சுங்கற வருத்தமும் இதுல சேர்த்தி. இப்ப இருக்கற கோயில் அதுக்கப்புறம் உள்ளே தள்ளிக் கட்டினது.)

கோயில் உள்ளே நகர்ந்ததோட ஊரும் உள்ளே திரும்பிக்கிச்சுன்னு நான் நினைக்கறேன். குளத்துலேர்ந்து கடல் நடக்கற தூரம்தான். ஆனா மாட வீதியில பொறந்து வளர்ந்தவங்கள்ல எத்தனை பேர் வாரத்துக்கு ஒரு தடவை கடலைப் பாக்கறாங்க? பார்சிலோனாவும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்ததாம். கரையோரம் பூரா ஃபேக்டரியும் ரயில் தண்டவாளமும். 1992 ஒலிம்பிக்ஸ் வந்தப்பதான் அதையெல்லாம் அப்புறப்படுத்தி, மணல் கொட்டி, கிலோமீட்டர் கணக்குல கடற்கரை பண்ணினாங்க. இன்னிக்கு ஊரே அங்கதான் காலாற நடக்குது. அதுக்குப் பக்கத்துல பார்சிலோனெட்டான்னு ஒரு பழைய மீனவர் குடியிருப்பு. கோட்டை கட்டறதுக்காக வீட்டை இழந்தவங்களுக்குன்னு 1753-ல ஆரம்பிச்சது. சின்னச் சின்னத் தெரு, ஒட்டி ஒட்டி வீடு, பால்கனியில துணி. இன்னிக்கு அந்த வீடெல்லாம் டூரிஸ்டுக்கு வாடகைக்குப் போய், பழைய ஜனங்க வாடகை கட்ட முடியாம வெளியேறிட்டு இருக்காங்க. படிக்கறப்ப எனக்கு நொச்சிக்குப்பம்தான் ஞாபகம் வந்தது. 2023 ஏப்ரல்ல லூப் ரோட்டு மீன் கடைகளை போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு எடுத்ததும், ஜனங்க ரோட்டுல உக்காந்ததும், 2024-ல புது மீன் அங்காடி திறந்ததும் நாம பார்த்ததுதானே. கடலோரத்துல யார் இருக்கறதுங்கற சண்டை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போலிருக்கு.

அக்காவுக்கு ஒரு நல்ல சேதி. பார்சிலோனா கடல் தென்கிழக்கு பார்த்தது. நம்ம மெரினா மாதிரியே சூரியன் தண்ணியிலேர்ந்துதான் எழுந்து வரும். அதுவும் ஏப்ரல் கடைசியில காலை ஏழு மணி வாக்குலதான். அவ நாலரைக்கே எழுந்து காபி போடற ஜாதி. குளிச்சு, சுலோகம் சொல்லி, நிதானமா நடந்து போய் சூரிய நமஸ்காரம் பண்ணலாம்.

இப்ப வேளைக்கு வருவோம். ஸ்பெயின்காரன் நாள் நடத்தற முறையைப் படிச்சா கபாலி கோயில் போர்டைப் படிக்கற மாதிரியே இருக்கு. மத்தியானச் சாப்பாடே ரெண்டு மணிக்கு. சின்னக் கடைகள் பல அதோட ஷட்டரை இறக்கிட்டு அஞ்சு மணிக்குத்தான் திறக்கும். ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. இதுக்கு ஒரு காரணம் வெயில், இன்னொண்ணு கடிகாரம். இங்கிலாந்துக்கு நேர் கீழ இருக்கற நாடு, ஆனா 1940-லேர்ந்து கடிகாரம் ஜெர்மனி நேரம். அதனால சூரியனுக்கும் மணிக்கும் ஒத்து வராது. ஏப்ரல் கடைசியில எட்டரை மணிக்கு மேலதான் இருட்டும். ஜூன்ல ஒன்பதரை. அதாவது, அத்திம்பேர் மத்தியானம் சாப்பிட்டு, ரெண்டு மணி நேரம் குறட்டை விட்டு, அஞ்சு மணிக்கு எழுந்து முகம் கழுவிட்டுக் கிளம்பினாலும் அவருக்கு மூணரை மணி நேரம் வெளிச்சம் பாக்கி இருக்கு. முட்டி வலிக்காரனுக்கு இதை விடச் சௌகரியமான ஊர் எது? அந்த ஊர்ல போய் மத்தியானம் ஒண்ணரை மணிக்கு வெயில்ல க்யூவுல நிறுத்தற எக்செல் ஷீட்டை என்னன்னு சொல்றது.

வேளை முக்கியம்னு நான் சொல்றதுக்கு இன்னொரு சாட்சி, சக்ராடா ஃபமீலியா. எல்லாரும் பாக்கற சர்ச்தான், நானும் அதை அடிக்கச் சொல்லல. 1882-ல ஆரம்பிச்சது, அடுத்த வருஷமே கௌடி கைக்கு வந்தது. மனுஷன் சாகற வரைக்கும் அதுலயே கிடந்தார். 1926-ல டிராம் அடிச்சு ரோட்டுல விழுந்தப்போ, கந்தல் துணியைப் பார்த்துப் பிச்சைக்காரன்னு நினைச்சுட்டாங்களாம். உள்ளே தூணெல்லாம் மரம் மாதிரி கிளை பிரிஞ்சு நிக்கும்னு சொல்றாங்க. ஆனா கவனிக்க வேண்டியது கண்ணாடி. கிழக்குப் பக்கம் நீலமும் பச்சையும், மேற்குப் பக்கம் ஆரஞ்சும் சிவப்பும். காலையில போனா ஒரு சர்ச், சாயங்காலம் போனா வேற சர்ச். டிக்கெட் நேரம் போட்டு ஆன்லைன்லதான் தர்றாங்க. அப்போ சாயங்கால நேரத்துக்கு ஒரு ஸ்லாட் முன்கூட்டியே எடுத்துட்டு, அன்னிக்கு வேற எதையும் தொடாம, உள்ளே பெஞ்சுல உக்காந்து நிறம் மாறறதைப் பாக்கறதுதானே முறை? ஷீட்டுல அதுக்குப் பகல் 12.15. முக்கால் மணி நேரம், கோபுரம் ஏறறதோட சேர்த்து. கோபுரத்துக்கு லிஃப்ட் ஏத்திதான் விடும், இறங்கறது நம்ம கால்தான். குறுகலான சுழல் படிக்கட்டு. அத்திம்பேர் அன்னிக்கு அங்கயே தங்க வேண்டியதுதான்!

கௌடி கட்டின மத்த வீடுகள், குன்று மேல இருக்கற கெல் பார்க், எல்லாம் அழகுதான், இல்லைங்கல. ஆளுக்கு 25 யூரோவைத் தாண்டற டிக்கெட் இருக்கற வீடுகளை நடைபாதையில ஒரு பெஞ்சுல உக்காந்து வெளியிலேர்ந்து பார்த்தா போதும். முகப்புதான் அதுங்களோட விசேஷமே. நாலாவது நாள் தெம்பு இருந்தா ஒண்ணுக்குள்ள போகட்டும்.

இதைச் சொன்னதுக்கு மருமான் கேட்டது நியாயமான கேள்வி. "மாமா, அவங்க இன்னொரு தடவை ஐரோப்பா வரப் போறாங்களா? இவ்வளவு செலவு பண்ணிட்டு பாரிஸ் கூட காட்டாம திருப்பி அனுப்பினா எனக்கு மனசு ஆறுமா?" அவன் குரல்ல இருந்தது பேராசை இல்ல, பயம். அப்பா அம்மாவுக்கு வயசாறதுங்கற பயம். அதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். எங்கம்மாவைக் காசி, கயா, அலகாபாத்துன்னு எட்டே நாள்ல சுத்திக் காட்டின ஒரு டூர் குரூப்போட அனுப்பினோம். திரும்பி வந்தவளுக்குக் கடைசி வரைக்கும் ஞாபகம் இருந்தது ரெண்டே விஷயம். காசியில ரயில் தாமதம்னு எதேச்சையா கிடைச்ச ஒரு சாயங்காலம் கங்கைப் படியில உக்காந்திருந்தது. அப்புறம் பஸ். காட்டணுமேங்கற பதைப்புல நாம வாங்கித் தர்றது முக்கால்வாசி பஸ்தான். இன்னொரு தடவை வர மாட்டாங்கன்னா, அந்த ஒரு தடவை அவங்க ஒரு ஊர்லயாவது இருந்துட்டு வரட்டும்ங்கறதுதான் என் வாதம். நாலாவது நாள் காலையில அந்தத் தெரு பேக்கரிக்காரி அக்காவைப் பார்த்துத் தலையாட்டினா, அது ஐஃபில் டவருக்குச் சமானம். மருமான் ஒத்துக்கல. இப்போதைக்கு ரோமும் ஆம்ஸ்டர்டாமும் அடிபட்டாச்சு, பாரிஸ் ஊசலாடிட்டு இருக்கு.

சாப்பாடு. இங்கதான் மைலாப்பூர் ஜனம் கிலி புடிச்சு ஒரு பெட்டி பூரா புளியோதரை மிக்ஸ் எடுத்துட்டுப் போவாங்க. கொஞ்சம் எடுத்துட்டுப் போகட்டும், தப்பில்ல. ஆனா அங்கயும் இருக்கு. ரொட்டியைச் சுட்டு, தக்காளியைத் தேய்ச்சு, ஆலிவ் எண்ணெயும் உப்பும் போட்டுத் தர்றது கத்தலோனியாக்காரங்களுக்கு நம்ம மோர் சாதம் மாதிரி, எல்லா வேளைக்கும். கத்திரிக்காயையும் குடமிளகாயையும் தணல்ல சுட்டு, தோல் உரிச்சு எண்ணெய் விட்டுக் கொடுக்கற 'எஸ்கலிவாதா'ன்னு ஒண்ணு. கொத்சுக்குச் சுட்ட கத்திரிக்காயைப் புளி விடாம நிறுத்தினா அதான். பசலைக்கீரையில திராட்சையும் பைன் கொட்டையும் போட்டு ஒரு வதக்கல். 'தொர்த்தியா'ன்னா முட்டை, உருளைக்கிழங்கு இருக்குன்னு ஏமாந்துடக் கூடாது. சைவம்னு சொன்னாலும் மேல பன்னிக்கறித் துணுக்கைத் தூவிக் கொண்டு வந்துடுவாங்கன்னு போனவங்க சொல்றாங்க, அதனால தனித்தனியாக் கேட்டுக்கணும். ராவால்ங்கற பேட்டையில பாகிஸ்தான், வங்கதேசத்துக்காரங்க மளிகைக் கடை நிறைய. அரிசி, பருப்பு, தயிருக்குப் பஞ்சமில்ல. பர்ஸ் மட்டும் ஜாக்கிரதை, அந்த ஊர் பிக்பாக்கெட் உலகப் பிரசித்தம். தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குள்ள போய் பர்ஸோட வெளியே வந்தவ எங்க அக்கா. அவளுக்குப் பாடம் எடுக்க நான் யாரு?

இனிமே சொல்றதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். மருமானுக்கு லீவு ஆகஸ்ட்ல. ஆகஸ்ட் கூடவே கூடாது! வெயில், கூட்டம், ரெண்டு மடங்கு ஹோட்டல் வாடகை. ஊர்க்காரங்களே கடையைப் பூட்டிட்டு வெளியூர் போற மாசம் அது. ஏப்ரல் 23-ஐ நடுவுல வெச்சுத் திட்டம் போடணும். அன்னிக்குச் சாந்த் ஜோர்தி நாள். லீவு நாள் கிடையாது, வேலை நாள்தான். ஆனா பார்சிலோனாத் தெருவெல்லாம் புத்தகக் கடையும் ரோஜாக் கடையுமா ஆயிடும். ஆம்பளைங்க பொம்பளைங்களுக்கு ரோஜா கொடுக்கணும், அவங்க இவங்களுக்குப் புத்தகம் கொடுக்கணும். அது பழைய வழக்கம், இப்பல்லாம் யாருக்கு யார் வேணா எதையும் கொடுக்கலாம். எழுத்தாளர்கள் தெருவுலயே உக்காந்து கையெழுத்துப் போடுவாங்க. இந்த வழக்கத்தைப் பார்த்துதான் யுனெஸ்கோ 1995-ல ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளா ஆக்கிச்சு. நாம வருஷா வருஷம் கொண்டாடற நாளோட சொந்த ஊரே அதுதான்! டிக்கெட் கிடையாது, க்யூ கிடையாது, ஸ்லாட் கிடையாது. நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணின அத்திம்பேர் அக்காவுக்கு ஒரு ரோஜாப்பூ வாங்கிக் கொடுக்க இதை விட்டா வேற சாக்கு கிடைக்காது. என் எக்செல்ல ஒரே ஒரு வரி இருந்தா அது இதுதான்.

புத்தகமெல்லாம் பாதிக்கு மேல கத்தலான் மொழியில இருக்கும். ஃபிராங்கோ காலத்துல, 1975-ல அவர் சாகற வரைக்கும், பள்ளிக்கூடத்துலயும் ஆபீஸ்லயும் அந்த மொழியை ஒதுக்கியே வெச்சிருந்தாங்க. இன்னிக்குத் தெருப் பலகையே அதுலதான். அதனால காலையில ஸ்பானிஷ்ல வணக்கம் சொல்றதுக்குப் பதிலா 'போன் தீயா'ன்னு சொல்லிப் பாருங்கன்னு அத்திம்பேர்கிட்ட சொல்லியிருக்கேன். சென்னைக்கு வந்தவன் திணறித் திணறி 'வணக்கம்'னு சொன்னா நமக்கு எப்படி மனசு இளகுது? அங்கயும் இளகாமலா போகும்.

இளகணும், ஏன்னா ஊர் இப்போ கொஞ்சம் கடுப்புல இருக்கு. 17 லட்சம் பேர் சொச்சம் இருக்கற ஊருக்கு வருஷத்துல வர்றவங்க அதுக்குப் பல மடங்கு. 2024 ஜூலைல ஊர்வலம் போன ஜனங்க, ஹோட்டல் வாசல்ல சாப்பிட்டுட்டு இருந்த டூரிஸ்டுங்க மேல தண்ணித் துப்பாக்கி அடிச்ச வீடியோ நீங்களும் பார்த்திருப்பீங்க. டூரிஸ்டுக்கு வாடகைக்கு விடற 10,000-க்கு மேற்பட்ட ஃபிளாட்டோட லைசென்ஸை 2028-க்கு மேல புதுப்பிக்க மாட்டோம்னு மேயர் அதுக்கு முந்தின மாசம்தான் சொல்லியிருந்தார். மருமான் புக் பண்ண நினைச்சதும் ஒரு ஃபிளாட்தான், சமையலறை இருக்குன்னு. நான் ஹோட்டல்னுதான் சொல்வேன். நாலு நாள் அக்கா சமைக்காம இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது. ஒன்றரை நாள்ல பதினேழு இடத்துல போட்டோ எடுத்துட்டு ஓடறவனை விட, நாலு நாள் ஒரே தெருவுல காசு செலவழிச்சு உக்காந்திருக்கறவன் அந்த ஊருக்கு எவ்வளவோ மேல்னு எனக்குத் தோணுது. அடைசலுக்கு அவனும் ஒரு காரணம்தான், மறுக்கல.

சும்மா உக்கார்றது போரடிக்காதான்னு கேக்கற நம்ம மக்களுக்கு ஒண்ணே ஒண்ணு. மெரினாவுல காந்தி சிலைக்குப் பின்னாடி பதிவர் சந்திப்பு நடத்துவோமே, அதுல என்ன நிகழ்ச்சி நிரல் இருந்தது? மணல்ல வட்டமா உக்காந்து சுண்டல் தின்னதுதான். பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சும் அதைத்தானே பேசிட்டு இருக்கோம்.

விசா சமாச்சாரம் சுருக்கமா. ஷெங்கன் விசா ஆறு மாசத்துக்கு முன்னாடியே போடலாம், கிளம்பறதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடியாவது போட்டே ஆகணும். 2024 ஜூன்லேர்ந்து பெரியவங்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தோட கூலி தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேணும். அறுபதைத் தாண்டினவங்களுக்கு அது கொஞ்சம் கடிக்கும். எந்த நாட்டுல அதிக நாள் இருக்கப் போறோமோ அந்த நாட்டுக்கிட்டதான் விண்ணப்பிக்கணும். அஞ்சு ஊர்க் காரங்களுக்கு இந்தக் கணக்கே ஒரு தலைவலி, நாலு ராத்திரி ஒரே ஊர்னு இருந்தா அதுவும் இல்லை. சென்னையிலேர்ந்து நேர் விமானம் கிடையாது, துபாயோ தோஹாவோ மாறணும். இறங்கினதும் கைரேகை, போட்டோ எடுப்பாங்க, 2025 அக்டோபர்ல ஆரம்பிச்ச புது முறை. அத்திம்பேருக்கு விரல் ரேகை தேய்ஞ்சு ரேஷன் கடை மெஷினே எடுக்க மாட்டேங்குது, அங்க என்ன ஆகுமோ, பார்சிலோனெட்டா முருகன்தான் துணை.

போய்ட்டு வந்த புண்ணியவான்கள் பின்னூட்டத்துல ரெண்டு விஷயம் சொல்லுங்க. கடலோர நடைபாதையில முதுகு சாய்ச்சு உக்கார்ற மாதிரி பெஞ்ச் இருக்கா, இல்ல வெறும் திண்டா? ஏப்ரல் 23 அன்னிக்குக் கூட்டத்துல முட்டி வலிக்காரர் ஒருத்தர் நிதானமா நடக்கணும்னா எந்தத் தெரு, காலையா சாயங்காலமா? பாரிஸ் நல்லாருக்கும்னு யாராவது எழுதினா அந்தப் பின்னூட்டம் மட்டுறுத்தப்படும். :-)